பெயருக்கு இயக்குநராகும் முன்

சிங்கப்பூர்த் தேக்காவில் கடை போடும் தம்பி, “இயக்குநர்னு உங்க பேரை மட்டும் சும்மா போட்டுக்கிறேன் அண்ணே” என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடாதீர்கள். சிங்கப்பூர்க் கம்பெனிச் சட்டத்தில் சும்மா இயக்குநர் என்று யாரும் இல்லை. 157-வது பிரிவு சொல்லும் நேர்மையும் அக்கறையும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆண்டறிக்கைக் கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிந்தால், ஜூலை 31-க்குள் அந்த அறிக்கை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவுக்குப் (ACRA) போயாக வேண்டும். பிந்தினால் 300 வெள்ளி அபராதம், 3 மாதம் தாண்டினால் 600. கம்பெனிச் செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது, பொறுப்பு உங்களுடையது.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: இங்கே வசிக்கும் ஒரே இயக்குநர் நீங்கள்தான் என்றால், அந்த இடத்துக்கு இன்னொருவர் வராமல் உங்களால் விலகவே முடியாது. கையெழுத்துக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.