காயத்துக்குப் பிறகு கபடிக்குத் திரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சாயங்காலப் பயிற்சி முடிந்து மேட் துண்டுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோது, 19 வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். இடது முட்டியில் ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்து நிறுத்தும் தசைநார்) ஆபரேஷன் முடிந்து அவனுக்கு ஏழு மாதம் ஆகிறது. "அண்ணே, பொங்கல் டோர்னமென்ட்ல ரெண்டே ரெண்டு ரைடு போயிட்டு வந்துடுறேண்ணே. களத்துல இறங்கிட்டா பயம் தெளிஞ்சிடும்ல?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல வருடத்துக்கு முன்னால் என் சீனியர் அண்ணனிடம் நான் கேட்டதும் இதேதான். அவர் "போய்ட்டு வாடா" என்றார், நானும் போனேன்.

அவனை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிசியோவுக்கு ஒழுங்காகப் போங்கள், வார்ம் அப் செய்யாமல் இறங்காதீர்கள் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை, அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். கால் தேறிய பிறகும் மனசு தேறாமல் நிற்கிறதே, அந்த இடத்தில் நடக்கும் தவறுகள் மட்டும்.

பயமே இல்லை என்று சொல்லிக்கொள்வது

கபடிக்காரனுக்குப் பயம் என்று சொல்ல வாய் வராது. சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று ஒரு எண்ணம், கூட ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள் என்று இன்னொரு எண்ணம். இது உங்கள் ஒருவருடைய கோழைத்தனம் இல்லை என்பதை முதலில் நம்புங்கள். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2014-ல் வந்த ஒரு கணக்கில், ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 81 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். காயத்துக்கு முன்பிருந்த அதே மட்டத்துக்கு வந்தவர்கள் 65 சதவீதம்தான், போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம். கால் சரியாகியும் நிறைய பேர் வராமல் போனதற்கு மறுபடி கிழிந்துவிடுமோ என்ற பயம் ஒரு பெரிய காரணம். இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 2008-லேயே வந்துவிட்டது. உங்கள் பிசியோவிடம் கேட்டால் எடுத்துத் தருவார். நிரப்பிப் பாருங்கள், எழுதிப் பார்க்கும்போதே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

மேட்ச் ஆடினால் பயம் போய்விடும் என்று நம்புவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிற தவறு. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இடது முட்டி போனது ஒரு கோயில் கொடைக்கு நடந்த ராத்திரி ஆட்டத்தில். மண் தரை, ட்யூப்லைட் வெளிச்சம். போனஸ், அதாவது யாரையும் தொடாமலே கிடைக்கும் ஒரு பாயின்ட், எடுக்கப் போனேன். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டித் தரையில் படும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருந்தால்தான் போனஸ், அதாவது அந்த நொடியில் உடம்பு மொத்தமும் ஒற்றைக் காலில் நிற்கிறது. கார்னரில், அதாவது எதிர் டீம் வரிசையின் ஓரத்தில், இருந்தவர் கணுக்காலைப் பிடித்தார். நான் நடுக்கோட்டைப் பார்த்து உடம்பைத் திருப்பினேன், பாதம் மண்ணிலேயே நின்றுவிட்டது. உள்ளே "டொப்" என்று ஒரு சத்தம். ஏசிஎல் கிழிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் இந்தச் சத்தத்தைச் சொல்வார்கள்.

ஆபரேஷன் ஆனது, தொடையில் சதை ஏறியது, ஓடினேன், உட்கார்ந்து எழுந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயிற்சி நாட்களில் ஒரு தடவைகூட யாரையும் கார்னரில் உட்காரவைத்து, போனஸ் கோட்டில் இடது காலை வைத்து, பிடிக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்கவில்லை. எதில் அடிபட்டதோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தேன். ஆறரை மாதத்தில் நேராக ஒரு டோர்னமென்டில் இறங்கினேன்.

முதல் ரைடில், ரைடு போகிறவன் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டுத் திரும்பினேன். ஆண்கள் ஆடும் களத்தில் அந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், போனஸ் கோடு அதற்கு ஒரே ஒரு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அந்த ஒரு மீட்டருக்குக் கால் போகவில்லை. இரண்டாவது ரைடிலும் அப்படியே. மூன்றாவது டூ ஆர் டை, பாயின்ட் எடுக்காமல் வந்தால் அவுட். இடது காலை நீட்ட மனசு வராததால் பழக்கமே இல்லாத பக்கம் சாய்ந்து வலது காலை நீட்டினேன். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். வலது முட்டியில் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்தது. இடது காலைக் காப்பாற்றப் போய் வலது காலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் போட்டி ஆட்டமே இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எடுக்கும் ஒரு தேர்வுக்கு அந்த வருடம்தான் எனக்குக் கடைசி வயது. அது அப்படியே போய்விட்டது.

என்னை அனுப்பிய அண்ணன் கெட்டவர் இல்லை, பாசத்தில்தான் சொன்னார். கிணற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வந்துவிடும் என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி யோசனை அது. ஆனால் எங்கள் அப்பா என்னைக் கிணற்றில் இறக்கியபோது இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் இறக்கினார். மேட்ச்சில் அந்தக் கயிறு கிடையாது. 30 நொடி, எதிரே ஏழு பேர், எந்தப் பக்கம் யார் பாய்வார்கள் என்று தெரியாது, வெளியே கூட்டம் கத்துகிறது. பயந்த உடம்பு அந்த இடத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும்: பயந்த காலை ஒளித்துவைக்கும். ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்துவிட்டாலும், "ஒளித்துவைத்ததால்தான் தப்பித்தோம்" என்ற பாடம்தான் உடம்பில் பதியும். அப்புறம் பயம் எப்படிக் குறையும்? அடுத்த ரைடில் கூடத்தான் செய்யும்.

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் செய்வது இதுதான். டாக்டரும் பிசியோவும் உடம்பு பிடிக்குத் தயார் என்று சொன்ன பிறகு, முதல் கேள்வி: "எந்த அசைவில் பயம்?" பொதுவாகப் பயமாயிருக்கிறது என்று சொன்னால் விடமாட்டேன். போனஸ் வைக்கும்போதா, திரும்பும்போதா, பின்னாலிருந்து இடுப்பைப் பிடிக்கும்போதா, குதித்து இறங்கும்போதா? அது தெரிந்துவிட்டால் ஆளே இல்லாத களத்தில் அந்த ஒரு அசைவை மட்டும் நடந்துகொண்டே செய்யவைப்பேன். அடுத்து பாதி வேகம், பிறகு முழு வேகம். அதற்குப் பிறகுதான் கார்னரில் ஒருவரை உட்காரவைப்பது, அதுவும் அவர் கையை நீட்டமாட்டார், சும்மா இருப்பார். பின்னர் சொல்லிவிட்டுப் பிடிப்பார்: "இப்ப இடது கணுக்கால்" என்று சொல்லி மெதுவாகப் பிடித்து, "விடு" என்றதும் விட்டுவிடுவார். இந்த "விடு" ரொம்ப முக்கியம், அப்பா கையில் இருந்த கயிறு மாதிரி. அது பழகியதும் சொல்லாமல் பிடிப்பார். கடைசியில் இரண்டு பேர் சங்கிலி கோத்து வருவார்கள், அதையும் பயிற்சி முடிகிற நேரத்தில் கால் சோர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். மேட்ச்சின் இரண்டாம் பாதியில் இருப்பது அந்தச் சோர்ந்த கால்தானே.

ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதச் சொல்வேன். மூன்றுக்குக் கீழே வந்து, "அண்ணே, சலிக்குதுண்ணே" என்று அவர்களே சொன்னால்தான் அடுத்த படி. சிலருக்கு ஒரு படிக்கு இரண்டு நாள் போதும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். எனக்கு அவசரமே இல்லை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டை இங்கே நினைத்துக்கொள்வேன். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் சீனாவின் சுன் யனானோடு மோதும்போது முட்டி போய், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றிலேயே அதே சுன் யனான் எதிரே வந்து நின்றார். வினேஷ் அவரை ஜெயித்து, கடைசியில் தங்கமும் வாங்கினார். இடையில் இரண்டு வருடம் ஓடியிருந்தது என்பதைத்தான் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன். நாம் பார்த்தது அந்த ஒரு பிடியை, அதற்குப் பின்னால் எத்தனை நாள் பயிற்சிக் கூடத்தில் போயிருக்கும்!

காலண்டரை மட்டும் பார்ப்பது

"ஆறு மாசம் ஆச்சு, இறங்கலாம்" என்று கிளம்புவது. நார்வேயில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி காயம் வரும் விகிதம் பாதியளவு குறைந்திருக்கிறது. அதனால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஒன்பது முடிந்துவிட்டது என்பதாலேயே போகவும் வேண்டாம். ஒற்றைக் காலில் தாவும் தூரம், தொடை பலம் எல்லாவற்றிலும் அடிபட்ட கால் நல்ல காலில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா என்று பிசியோவிடம் அளந்து பாருங்கள். அளந்த எண் கையில் இருப்பது பயத்துக்கும் நல்ல மருந்து. "சரியாயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்பதை மனசு நம்பாது, எண்ணை நம்பும்.

முட்டிக் கேப்பை நம்பி இறங்குவது

துணி கேப் ஏசிஎல்லைக் காப்பாற்றாது.

அடிபட்ட வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது

போனிலிருந்து அழித்துவிடுங்கள். நண்பன் போனில் இருந்தாலும் அழிக்கச் சொல்லுங்கள்.

பயத்தையும் எச்சரிக்கையையும் குழப்பிக்கொள்வது

பயிற்சியில் நெஞ்சு படபடக்கிறது, கால் பின்வாங்குகிறது, ஆனால் மறுநாள் காலையில் முட்டி எப்போதும்போல இருக்கிறது என்றால் அது பயம். அதே படியைத் திரும்பச் செய்யலாம். மறுநாள் வீக்கம் இருக்கிறது, மடக்க முடியவில்லை, படி இறங்கும்போது முட்டி நழுவுவதுபோல் இருக்கிறது என்றால் அது வேறு. "மனசுதான் காரணம், தைரியமா இரு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெண் மூன்று வாரம் முட்டி நழுவுவதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், ஸ்கேனில் மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தது. நானும் அதை முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் நேற்று ராத்திரி முட்டி எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் களத்துக்கு விடுகிறேன்.

ஆட முடியாத நாளில் டீமை விட்டு ஒதுங்குவது

பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று மைதானத்துப் பக்கமே வராமல் இருப்பார்கள். ஒன்பது மாதம் கழித்து வரும்போது பயத்தோடு கூச்சமும் சேர்ந்துகொள்ளும். நானும் அப்படித்தான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

அந்தப் பையனைப் பொங்கல் டோர்னமென்டுக்கு ஸ்கோர் எழுத உட்காரவைத்தேன். முதல் மேட்ச்சில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது மேட்ச்சில் எங்கள் ரைடரிடம் "அண்ணே, ரைட் கார்னர் சீக்கிரமே குனியிறான், லேட்டா கால் வைங்க" என்று கத்தினான். அவர் அப்படியே செய்து இரண்டு போனஸ் எடுத்தார். இப்போது அவனுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. ஆள் இல்லாத களத்தில் முழு வேகத்தில் போனஸ் வைத்துத் திரும்புகிறான். நேற்று நோட்டில் எழுதியிருந்த மதிப்பெண் நான்கு. அடுத்த படிக்கு யாரைக் கார்னரில் உட்காரவைக்கலாம் என்று கேட்டேன். அன்றைக்குப் பொங்கல் மேட்ச்சில் எதிர் டீமுக்கு ரைட் கார்னர் ஆடிய பையனின் பேரைச் சொன்னான்.