உறைந்த ஃபில்டரை உருக்கினால் சரியாகிவிடுமா?

சென்ற ஜனவரியில் ஒரு தம்பி எனக்குப் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டுப் பீற்றர்பரோ பக்கம் கிணறு வைத்த வீடு வாங்கிப் போனவர். அங்கே அவருக்கு அதுதான் முதல் குளிர்காலம். படத்தில் ஆர்.ஓ.வின் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சுத்திகரிப்பு இயந்திரம்) ஃபில்டர் குடுவைகள் வரிசையாகத் தொங்குகின்றன, கீழே ஒரு ஹேர் டிரையர் கிடக்கிறது. "அண்ணை, ராத்திரி முழுக்க உறைஞ்சு போச்சு. உருக்கிட்டன். இப்ப நல்லா வேலை செய்யுது." எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. இதே வேலையை இதே பெருமையோடு நானும் ஒருகாலத்தில் செய்திருக்கிறேன்.

கராஜ் கதவை மூடுவது, ஊருக்குப் போகும்போது ஹீட்டரை அணைக்காமல் போவது, இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலத்தில் நாம் செய்யும் மற்றத் தவறுகளைப் பார்ப்போம்.

உறை சுற்றினால் சூடு வரும் என்று நம்புவது

குழாய்க்குச் சுற்றும் நுரை உறை சூட்டை உண்டாக்காது. இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை, நிலத்தடி நீர் தன் சூட்டையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. இரவு பத்து மணிக்குக் கடைசியாகக் குழாயைத் திறந்து, காலை ஆறு மணிக்கு மறுபடி திறக்கும் வீட்டில் வெளிச்சுவரை ஒட்டிய குழாய் எட்டு மணி நேரம் அனாதை. அங்கே தெர்மோஸ்டாட் வைத்த சூடேற்றும் கேபிள் வேண்டும். அந்தக் கேபிளோடு சேர்த்து உறை போடலாமா என்று அதன் அட்டைப்பெட்டியில் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள்.

கேபிளை அதன் மேலேயே குறுக்கே போடாதீர்கள். நெருப்புப் பிடிக்கும்.

கழிவுக் குழாயை மறப்பது

ஆர்.ஓ.வில் முதலில் உறைவது பெரிய குழாய் அல்ல, பிரித்த உப்புத் தண்ணீரை வெளியேற்றும் கால் அங்குலக் கழிவுக் குழாய்தான். அதில் தண்ணீர் ஒழுகல் போலத்தான் போகும், தொட்டி நிரம்பியதும் அதுவும் நின்றுவிடும். குளிர்ந்த சுவர் வழியாகப் போனால் கேட்கவே வேண்டாம். அது அடைபட்டால் உப்பு வெளியேற வழியில்லாமல், உப்பைத் தடுக்கும் படலமான மெம்பிரேனிலேயே தங்கும், குடிக்கும் தண்ணீரில் உப்பு ஏறும். எனக்குத் தெரிந்த ஒருவர் கழிவுத் தண்ணீர் நின்றுபோனதைப் பார்த்து, "தண்ணி மிச்சம்தானே" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

உருக்கி மறுபடி ஓட்டுவது

2013 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாள் முன்னர், தென் ஒன்ராறியோவில் உறைமழை பெய்தது. கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கம்பிகளில் முறிந்து விழுந்தன. ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டிலும் போனது. பிள்ளைகளையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு மொன்றியலில் தங்கை வீட்டுக்குப் போய், ஐந்து நாள் கழித்துத் திரும்பினோம். பேஸ்மென்டின் வடக்கு மூலையில் இருந்த ஃபில்டர்கள் கட்டியாகிக் கிடந்தன.

ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் எல்லாம் உருகியது. குடுவை உடையவில்லை, ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. குழாயைத் திறந்தால் பளிங்கு போலத் தண்ணீர். மெம்பிரேன் மாற்ற 60 டொலர் ஆகும், அது மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

பொங்கலன்று மாமி ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "இப்பதான் தம்பி தண்ணி தண்ணி மாதிரிக் கிடக்கு. எங்கட கிணத்துத் தண்ணி போல" என்றார். ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று அதுவரை ஓயாமல் குறை சொன்னவர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரில் வளர்ந்த நாக்கு. நானோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்! அன்றைக்கே லாச்சியில் கிடந்த, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்திருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் வெளிச்சமாகியிருக்கும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. மெம்பிரேன் என்பது மெல்லிய தாள்களைச் சுருட்டி ஓரம் ஒட்டிய பொருள். நனைந்த நிலையில் உறைந்தால் அந்தப் படலம் கீறும், ஒட்டிய ஓரங்கள் விடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கீறல் வழியாகக் கிணற்று நீர் அப்படியே நல்ல தண்ணீரில் கலக்கும். தண்ணீர் வரத்துக் குறைவதில்லை, சில நேரம் கூடும். அதனால்தான் "நல்லா வேலை செய்யுது" என்று தோன்றுகிறது. காட்டுப் பயணத்துக்குக் கொண்டுபோகும், நூல் போன்ற குழல்கள் அடைத்த கை ஃபில்டருக்கும் இதே கதைதான். நனைந்தபின் ஒரு தடவை உறைந்தால் குப்பைக்கூடை. விஷயம் தெரிந்தவர்கள் இரவில் அதை உறக்கப்பைக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவார்கள்.

குடுவைக்கு வருகிறேன். உடையவில்லை என்று சொன்னேனே, மயிரிழைபோல் ஒரு கீறல் இருந்திருக்கிறது. கிணற்றுப் பம்ப் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடத் தொடங்கி 60இல் நிற்கும். அப்படி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கீறல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது. ஜனவரி கடைசியில் நாங்கள் ஒரு கல்யாண வீட்டில் இருந்தபோது குடுவையின் அடி கழன்றது. அழுத்தம் ஏறாததால் பம்ப் நிற்கவேயில்லை. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தாலும் நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய 5,000 லிட்டர். கார்ப்பெட், சுவர்ப்பலகை, பிள்ளைகளின் பழைய படங்கள் இருந்த பெட்டிகள். எல்லாம் சேர்த்து 4,000 டொலருக்கு மேல் போனது. 60 டொலரை மிச்சம் பிடித்த கணக்கு அது.

சுத்தம் செய்து முடித்த பிறகுதான் மீட்டரை எடுத்தேன். கிணற்று நீர் 410, ஆர்.ஓ. தண்ணீர் 170. முன்பெல்லாம் 25ஐத் தாண்டாது. ஐந்து வாரம் அதைத்தான் குடித்திருக்கிறோம். கிருமியைக் கொல்லும் யூ.வி. (புற ஊதா) விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாய் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது, அதனால் கிருமி விஷயத்தில் பிழைத்தோம்.

அந்தத் தம்பிக்குச் சொன்னது இதுதான். உறைந்த மெம்பிரேனையும் ஃபில்டர்களையும் யோசிக்காமல் எறியுங்கள். குடுவைகளையும் மாற்றுங்கள். குவார்ட்ஸ் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. ஆகவே சுகாதாரப் பிரிவில் போத்தல் வாங்கித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். ஒன்ராறியோவில் வீட்டுக் கிணறுகளுக்குக் கிருமிச் சோதனை இலவசம். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

மாமி இன்றைக்கும் அந்த ஐந்து வாரத் தண்ணீரைத்தான் நல்ல தண்ணீர் என்கிறார்.

வரத்துக் குறைந்ததும் மெம்பிரேனைச் சந்தேகப்படுவது

மேலே சொன்னதற்கு நேர் எதிரான தவறு. மெம்பிரேன் ஒரு நாளில் தரும் தண்ணீரின் அளவு 25 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்கு அளந்து எழுதப்பட்டது. தண்ணீர் குளிர்ந்தால் பிசுபிசுப்பு ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 சதவீதம் வரத்துக் குறையும். 5 டிகிரியில் பாதிதான் வரும். மீட்டரில் எண் மாறாமல் இருந்தால் மெம்பிரேன் நன்றாகத்தான் இருக்கிறது. ஏப்ரல்வரை பொறுங்கள்.

குழாயைத் திறந்துவிட்டால் வடிந்துவிடும் என்று நினைப்பது

வடியாது. குடுவைகளுக்குள் தண்ணீர் நிற்கும், ஆர்.ஓ. தொட்டியின் ரப்பர்ப் பைக்குள் நிற்கும், யூ.வி. உருளையில் நிற்கும். தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்தில் உப்புத்தொட்டி லேசில் உறையாது. ஆனால் பக்கத்தில் இருக்கும், தண்ணீரை மென்மையாக்கும் மணிகள் (ரெசின்) அடைத்த தொட்டியில் சாதாரணத் தண்ணீர், அது உறைந்து பிளக்கும். வீட்டைச் சூடில்லாமல் விட்டுப்போவதென்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஊற்றுங்கள்.

உறையாமல் இருக்கக் கார் ஆன்டிஃபிரீஸ் ஊற்றுவது

நஞ்சு. ஊற்றலாமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.