லினக்ஸில் போன் தெரியவில்லையா? முதலில் கேபிளைப் பாருங்கள்

ஆண்ட்ராய்ட் போனைச் செருகியதும் சார்ஜ் ஏறுகிறது, ஃபைல் மேனேஜரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. உடனே எம்டிபி (போன் ஃபைல்களைக் கணினியில் காட்டும் முறை) பேக்கேஜ்களைத் தேடித் தேடி நிறுவுவதுதான் பலரும் செய்வது. அது கடைசி வேலை. போன் வந்து சேர்ந்ததா என்று முதலில் லினக்ஸின் மையமான கெர்னலைக் கேளுங்கள்.

டெர்மினலில் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு), கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையை -டபிள்யூ சேர்த்து ஓடவிட்டு, போனைச் செருகுங்கள். "நியூ ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்" என்று ஒரு வரி வரவேண்டும்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். யுஎஸ்பி 2 கேபிளுக்குள் நாலு கம்பிகள்: மின்சாரத்துக்கு இரண்டு, டேட்டாவுக்கு இரண்டு. டேட்டா கம்பிகளில் ஒன்றான டி-பிளஸை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போன் மேலே இழுப்பதை (வோல்டேஜை உயர்த்துவதை) வைத்துத்தான், ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்று லேப்டாப்புக்குத் தெரியும். பவர் பேங்கோடு வரும் குட்டைக் கேபிள்கள் சிலவற்றில் அந்த இரண்டு கம்பியும் இருக்காது. சார்ஜ் மட்டும் ஜோராக ஏறும்!

"டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71" என்று வந்தால் கம்பி இருக்கிறது, சிக்னல் சிதைகிறது. -110 என்றால் கேட்டதற்குப் போன் நேரத்துக்குப் பதில் தரவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள், வேறு போர்ட், வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். டைப்-சி பிளக்கைத் திருப்பிப் போட்டதும் வேலை செய்கிறதா? பிளக்கில் யுஎஸ்பி 2 டேட்டா முனைகள் ஒரு பக்கம்தான் உண்டு. அப்படியென்றால் போனின் போர்ட்டில் ஒரு பக்கம் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

இரு முனையும் டைப்-சி என்றால் யார் ஹோஸ்ட் (இணைப்பை நடத்துபவர்) என்ற குழப்பமும் வரும். சில நேரம் போனே ஹோஸ்டாகிவிடும். போனின் யுஎஸ்பி அமைப்பில் கட்டுப்பாட்டை எதிர்ச் சாதனத்துக்கு மாற்றுங்கள். இல்லையேல் ஏ-டு-சி கேபிள் போடுங்கள், அதில் இந்தச் சண்டையே இல்லை.

செருகிய சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையின் பட்டியலில் போன் தெரிகிறது (நிறுவன எண்: கூகுள் 18டி1, சாம்சங் 04இ8), ஃபைல் மட்டும் தெரியவில்லை என்றால், ஸ்கிரீன் லாக்கைத் திறந்து, நோட்டிஃபிகேஷனில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுங்கள். வழக்கமாகச் செருகியதும் சார்ஜிங் மட்டும்தான் இருக்கும்.

எம்டிபி கருவி "பிஸி" என்றோ எரர் -6 என்றோ சொன்னால், ஃபைல் மேனேஜருக்குப் பின்னால் ஓடும் உங்கள் டெஸ்க்டாப்பின் ஜிவிஎஃப்எஸ் போனை முன்பே பிடித்து வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம் அதைப் பிடிக்க முடியாது. ஃபைல் மேனேஜரில் எஜெக்ட் அழுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) பயன்படுத்துவோருக்கு இரண்டு தடங்கல்கள், இரண்டும் வேறுவேறு. "அன்ஆத்தரைஸ்டு" என்றால் போன் திரையில் அனுமதிப் பெட்டி காத்திருக்கிறது. பெட்டி வரவேயில்லை என்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய அனுமதிகளை நீக்கிவிட்டு மறுபடி செருகுங்கள். "நோ பெர்மிஷன்ஸ்" என்றால் குறை லினக்ஸ் பக்கம். உபுண்டு, டெபியனில் ஆண்ட்ராய்ட்-எஸ்டிகே-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன் பேக்கேஜ் யுடெவ் விதிகளை (சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்பவை) கொண்டுவரும். உங்கள் பயனரை பிளக்டெவ் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். லாக்அவுட் செய்யாமல் குழு மாற்றம் பலிக்காது. அவசரத்துக்கு சூடோ போட்டு ஏடிபி ஓட்டாதீர்கள்: ஏடிபியின் சர்வர் ரூட் (நிர்வாகி) பெயரில் எழுந்து, ரூட்டின் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அடுத்த நாள் அனுமதி மறுபடி கேட்கும். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் அதே சூடோவோடு கில்-சர்வர் கொடுத்து நிறுத்துங்கள்.

ஃபைல் போகிறது, டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) மட்டும் இல்லை, அதுவும் ஆர்ச் லினக்ஸில் கெர்னல் அப்டேட் முடித்த கையோடு என்றால், ரீபூட் செய்தாலே போதும். ஓடுவது பழைய கெர்னல், வட்டில் இருப்பது புதியதன் மாட்யூல்கள். டெதரிங்குக்கு வேண்டிய ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட் மாட்யூல் ஏறாது.