வீகன் கடையில் பசியாறப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சனி, ஞாயிறு வந்தால் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். வந்ததும், "அம்மா, இன்னிக்கு வெளியில பசியாறலாம், வீகன் கடைக்குப் போவோம்" என்கிறார்கள். சுங்கை சிப்புட், பீடோர் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களுக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவே, பத்து மணி வாக்கில் ஒரேயடியாகச் சாப்பிடுவதை பிரஞ்ச் என்கிறார்கள். நேரம் நமக்குப் புதிதில்லை. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால், இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று தீம்பாருக்கு (ரப்பர் காட்டுக்கு)ப் போனவர்கள் வயிற்றைக் கவனித்ததும் அந்த நேரத்தில்தான். குழப்பமெல்லாம் தட்டில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதில்தான் வருகிறது.

முதல் தவறு, சைவம் என்று பலகையில் போட்டிருந்தால் போதும் என்று உள்ளே போவது. வீகன் சாப்பாட்டில் இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், நெய், தேன் எதுவும் கூடாது. நம் சமையலோ பாலையும் நெய்யையும் சைவமென்றே எண்ணிப் பழகியது. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள்கூட மோர் குடிக்கிறார்கள். வாழையிலைக் கடையில் சாம்பார் தாளிப்பில் நெய் இருக்கலாம், ரவா தோசை மாவில் மோர் இருக்கலாம். சீனர்களின் சைவக் கடையில் வெங்காயமும் பூண்டும் இருக்காது. அதைப் பார்த்து, இவர்கள் நம்மைவிடக் கட்டுப்பாடானவர்கள் என்று நம்பி முட்டையைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள். சின்ன ஊரில் முழுக்க முழுக்க வீகன் சமைக்கும் கடை குறைவு. பலகையில் சைவம், வீகன் என்று இரண்டு பெயரையும் போட்டுக்கொண்டு, உள்ளே சில பதார்த்தங்களை மட்டும் வீகனாகச் செய்யும் கடைகள்தான் அதிகம்.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்றால், கேட்கிற விதத்திலும் தவறு நடக்கிறது. "இது வீகன்தானே?" என்று கேட்டால் யாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இப்படித்தான் போகும் பேச்சு:

"அக்கா, தோசைக்கு நெய் ஊத்துறீங்களா?"

"ஐயோ தம்பி, நெய்யெல்லாம் இல்ல. மார்ஜரின்தான்."

தம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறான். மார்ஜரின் சிலவற்றில் பால் பொருள் இருக்கும் என்பது அவனுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. டப்பாவைக் காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைப்படி, பாலோ முட்டையோ சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும். 'மெங்கண்டுங்கி' (சேர்ந்துள்ளது) என்ற மலாய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் 'சூசு' (பால்) அல்லது 'தெலோர்' (முட்டை) இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தோசைக்கு நல்லெண்ணெய் போதும் என்று சொல்லிவிட்டால் இந்த ஆராய்ச்சியும் வேண்டாம். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் அப்படியில்லை. மாவு மெத்தென்று வரப் பிசையும்போதே கெட்டிப்பாலும் நெய்யும், சில கடைகளில் முட்டையும் சேர்த்துவிடுவார்கள். வீகன் என்று தனியாகப் பிசைந்த மாவாக இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். நாசி லெமாக் என்றால் சோற்றுக்குத் தேங்காய்ப்பால்தான், அதில் சிக்கல் இல்லை. கூட வரும் மிளகாய்ச் சம்பலில்தான் பெலாச்சானும் (இறால் விழுதும்) நெத்திலியும் ஒளிந்திருக்கும்.

சாப்பாட்டில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பவர்களும் குடிக்கத் தே, கோப்பி என்று தண்ணி கலக்கச் சொல்லும்போது கோட்டை விடுகிறார்கள். பாலில்லாத மைலோ ஓ கேட்டால் டின் பால் ஊற்ற மாட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்த மாவிலேயே பால் மாவு கலந்திருக்கிறது. இழுத்து ஆற்றும் பால் தேநீரான தே தாரிக்கில் ஊற்றும் டின் இப்போது பல கடைகளில் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்பு கிரீமர். செம்பனைதானே, நம் தோட்டத்துச் சரக்குதானே என்று விட்டுவிட வேண்டாம், அதிலும் பால் பொருள் உண்டு. பால் இல்லாத கிரீமர் என்று விற்கும் தூள் பலவற்றில் பாலிலிருந்து எடுத்த புரதம் இருக்கிறது. கோப்பி ஓ பரவாயில்லை என்றாலும், இங்கே கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம், சில ஆலைகளில் வெண்ணெயும் சேர்ப்பதுண்டு. கண்டிப்பாக இருப்பவர்கள் பாலில்லாத தே ஓவோ, தேன் கலக்காத எலுமிச்சைத் தண்ணியோ வாங்கிக்கொள்ளலாம். கடையில் சோயாப் பால் இருந்தால் தே தாரிக்கை அதிலேயே இழுத்துத் தருவார்கள். நுரை கொஞ்சம் அடங்கித்தான் வரும், ருசி மோசமில்லை.

அப்புறம் இந்தச் சைவ மட்டன் பெரட்டல். பட்டியலைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகிறது. மசாலா நன்றாக விழுந்தால் ருசியாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உறைந்த பொட்டலத்தில் வரும் போலி இறைச்சியில் முட்டை வெள்ளைக்கருவோ பால் பொருளோ சேர்ந்திருப்பது சகஜம். பெரும்பாலும் கோதுமைப் புரதமும் சோயாவும்தான் என்பதால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாது. என்னைக் கேட்டால், வீகன் கடைக்குப் போய் மட்டனைத் தேடுவது வீண் செலவு. இட்லி, புட்டு, கடலைப் பெரட்டல், தேங்காய்ப்பாலில் வேகவைத்த பலாக்காய், வெங்காயம் தூக்கலாகப் போட்ட மீஹூன் கோரேங் (வறுத்த அரிசிச் சேமியா), மொறுமொறுவென்று பொரித்த தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) எல்லாம் யாரும் மாற்றியமைக்காமலே வீகனாக வரக்கூடியவை. சமையல்காரரின் கை எதில் பழகியிருக்கிறதோ அதை வாங்கிச் சாப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மரவள்ளிக்கிழங்கு விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அவித்த கிழங்கு, மேலே தேங்காய்ப்பூ, ஓரத்தில் சம்பல், கீழே வாழையிலை என்று சில கடைகளில் அழகாக வைத்துத் தருகிறார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் அந்தக் கிழங்கைத் தின்றுதான் தோட்டத்தில் பலர் உயிர் பிழைத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் முன்னால் அதை வைத்து விலையையும் சொன்னால், வேளை முழுக்க அதே பேச்சுதான். அவருக்கு இட்லியே வாங்கிக்கொடுங்கள். அங்கேயே உட்கார்ந்து, மோர் குடிப்பது பாவம் என்று பாடம் நடத்தவும் வேண்டாம். ஒரு வேளை பாலில்லாமல் சாப்பிட்டால் உடம்பு என்னாகும் என்று அவர் கவலைப்பட்டால், ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். முழுநேரமும் வீகனாக இருப்பவர்கள்தான் பி12 சத்துக்குத் தனியாக வழி பார்க்க வேண்டும், செடிகொடிகளை நம்பி அதை விட முடியாது.

நேரத்தையும் நாளையும் பார்த்துப் போங்கள். பிரஞ்ச்தானே, மெதுவாகப் போகலாம் என்று பதினொன்றரைக்குப் போய் நின்றால் இட்லிப் பானை கழுவிக் கவிழ்த்திருக்கும், தோசைக்கல் ஆறியிருக்கும், ஆட்கள் மதியச் சோற்றுக்கு இலை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவே போனால் எல்லாம் கிடைக்கும். வெள்ளிக்கிழமையும் புரட்டாசிச் சனிக்கிழமையும் சைவக் கடைகளில் கூட்டம் நெரியும். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் தவுக்கே (சீன முதலாளி) குடும்பங்களும் சைவம் சாப்பிட வந்துவிடும். ஒன்பதாம் சீன மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் திருவிழா புரட்டாசியோடு சேர்ந்துகொண்ட வருடங்களில் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று, சின்னவனுக்கு என்று எதிர்க்கடையில் வாங்கிய கோழிப் பொட்டலத்தை இங்கே மேசையில் பிரிக்காதீர்கள். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லக் கடைக்காரருக்குச் சங்கடமாக இருக்கும், பக்கத்து மேசைக்காரரோ எழுந்தே போய்விடுவார்.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வாங்குகிறவர்கள் தேங்காய்ப்பால் சேர்ந்ததை மட்டும் தனியாகப் பாருங்கள். பாயசம், பலாக்காய்க் குழம்பு, தேங்காய்ச் சட்னி மூன்றும் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். காருக்குள் வைத்துவிட்டு ஈப்போவில் கடைகண்ணி சுற்றி மாலையில் வீடு திரும்பித் திறந்தால் புளித்த வாடைதான் வரும். சட்னியை அங்கேயே முடித்துவிட்டு, தெம்பேயையும் மீஹூனையும் கட்டச் சொல்லுங்கள்.