நியூஸ் போடுறேன்னு ஊரே ஒரே போஸ்ட்டப் போடுது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நமக்கு கூடலூர், கம்பத்துல இருந்து குமுளி ஏறுற வழி. ஜூன்ல மழை பிடிச்சா போதும், ஃபேஸ்புக்கத் திறந்தாலும் வாட்ஸ்அப்பத் திறந்தாலும் ஒரே வரிதான், "முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம் 136 அடியை எட்டியது, கேரளாவுக்கு முதல்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை". ஒரு தடவ சும்மா எண்ணிப் பாத்தேன், ஒரு மணி நேரத்துல எனக்கு மட்டும் 23 தடவ வந்துச்சு, அம்புட்டுலயும் "எச்சரிகை"ன்னு இருக்கு, க் இல்ல. எவனோ ஒருத்தன் விட்ட எழுத்த மத்த 22 பேரும் பயபக்தியா காப்பாத்தி வச்சிருக்கானுக.

மொதத் தப்பு இதுதான், படிக்காமயே காப்பி அடிக்கிறது. 136ன்னா எதுக்கு 136னு போட்டவன்கிட்ட கேட்டா தெரியாது. அணையோட முழு நீர்மட்டம் 152 அடி, சுப்ரீம் கோர்ட் 2014 மே மாசம் தேக்கிக்கலாம்னு சொன்னது 142, அதனால 136 வந்தா தமிழ்நாடு கேரளாவுக்கு மொத தகவல் சொல்லணும், அவ்ளோதான் மேட்டர், அணை உடையப் போகுதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா இந்த ஒத்த வரிய வச்சு மலைக்கு அந்தப் பக்கம் உடையப் போகுதுன்னும் இந்தப் பக்கம் நெறஞ்சிருச்சுன்னும் கமெண்ட்ல அடிச்சுக்குவாங்க. உண்மையில கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்காரனுக்குத் தேவையானது வேற நம்பர், 104. அதுக்குக் கீழ போனா, அணைல இருந்து நம்ம பக்கம் தண்ணி கொண்டு வர்ற சுரங்கத்துல தண்ணி வராது. அந்த 104க்கு மேல எத்தன அடி நிக்குது, நாத்துப் பாவலாமான்னு ஒரு வரி சேத்துப் போட்டா அது உங்க போஸ்ட். அத மட்டும் யாரும் போட மாட்டேங்குறாங்க.

அடுத்து போட்டோ. நியூஸ் முல்லைப் பெரியாறு, படம் இடுக்கி அணையோட சேந்த செறுதோணி அணை, 2018 ஆகஸ்ட்ல ஷட்டர் தொறந்தப்ப எடுத்தது. ரெண்டும் இடுக்கி மாவட்டம், ரெண்டும் பெரியாத்துத் தண்ணிதான், ஆனா அணை வேற வேற. வளைவா நிக்குதுல்ல இடுக்கி அணை, அதுல ஷட்டரே கெடையாது, பக்கத்துல செறுதோணிலதான் இருக்கு. கணக்கும் வேற, இடுக்கிய கடல் மட்டத்துல இருந்து அளப்பாங்க, முழுசா நெறஞ்சா 2,403 அடி. ஒரு தம்பி இடுக்கி நீர்மட்டம் போட்ட மலையாள நியூஸ் கார்டு ஒண்ணப் பாத்துட்டு "முல்லைப் பெரியாறு 2,390 அடி"ன்னு போட்டு விட்டான், அதையும் நாப்பது பேரு ஷேர் பண்ணிருக்காய்ங்க. 152 அடி அணைல 2,390 எப்டிடா நிக்கும்னு ஒருத்தருக்குக் கூடத் தோணல பாருங்க. படத்த கூகுள் லென்ஸ்ல போட்டா அரை நிமிஷத்துல பழசா புதுசான்னு ஓரளவுக்குத் தெரிஞ்சிரும், அதுக்குக் கூட கை வரல.

மலையாளம்னதும் ஞாபகம் வருது. எல்லைல இருக்கோம், நமக்கு மலையாளம் தெரியும்ங்கிற தைரியம் இருக்கே, அது பெரிய ஆபத்து. அங்க "அவசரம்"னா வாய்ப்புன்னு அர்த்தம், "தொழிலவசரம்"னா வேலைவாய்ப்பு. நம்மாளு "ஏலத்தோட்டத்துக்கு அவசரமா ஆள் தேவை"ன்னு மாத்திப் போட்டுட்டான், நாலு பேரு பேக்க மாட்டிக்கிட்டு குமுளிக்குக் கெளம்பிட்டாங்க, அப்புறம் ஃபோன் பண்ணி எறக்குனோம்.

ஏலக்கா விலையும் இதே கதைதான். நம்ம போடிலயும் கேரளப் பக்கம் புத்தடிலயும் ஏலம் முடிஞ்சா ரெண்டு விலை வரும், உச்ச விலை, சராசரி விலை. போஸ்ட் போடுறவங்க பூராம் உச்ச விலையத்தான் பெருசாப் போடுவாங்க. அது ஏதோ ஒரு லாட்டுக்கு, முதல்தரக் காய்க்குக் கெடச்சது. நம்ம காய்க்கு சராசரிய ஒட்டித்தான் வரும், இதப் பாத்து சரக்க விக்காம வச்சவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க.

ஃபார்வர்டுல ரெட்டை அம்பு காட்டுதுல்ல, அது அஞ்சு கை மாறி வந்துருச்சுன்னு அர்த்தம், அப்டி வந்தத வாட்ஸ்அப் 2020ல இருந்து ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப விடுது. அதுக்கு நம்ம ஆளுக கண்டுபிடிச்ச வழி காப்பி பேஸ்ட். அம்பு போயிரும், நீங்களே எழுதுன மாதிரி வந்து நிக்கும். தப்பா இருந்தா திட்டும் உங்களுக்குத்தான் விழும், எழுதுனவன் எங்கயோ சேஃபா உக்காந்திருப்பான். ஆழ்ந்த இரங்கல் கார்டு, "உங்க கருத்து என்ன நண்பர்களே" இதெல்லாம் பத்தி தனியா எழுத ஒண்ணும் இல்ல, விட்ருவோம்.

அப்ப எதத்தான் போடுறதுன்னு கேட்டீங்கன்னா, தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்கார அண்ணன் ஒருத்தர் எங்க குரூப்ல இருக்காரு, போன மழைல ஒரு நா அவரு போட்டது இது: "கம்பம்மெட்டு ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்கு, டூவீலர் ஓரமாப் போகலாம், ஜீப் போகாது, காலை 5.40க்குப் பாத்தேன்". படம் கூட டார்ச் வெளிச்சத்துல கலங்கலா இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் எங்க சித்தி போன ஜீப்பு குமுளி வழியா சுத்திப் போச்சு. லைக்கு பதினொண்ணு.

ரெண்டு நாள் கழிச்சு அதையும் ஒருத்தன் டைம மட்டும் தூக்கிட்டு, மேல "பிரேக்கிங்"னு சேத்துப் போட்டான். மரத்த அறுத்து லாரில ஏத்திட்டுப் போயே ஒண்ணரை நாளாச்சு.