லிட்டில் ரிச்சர்ட் படத்தைப் போட்டுவிட்டுப் பேச உட்காருவது எப்படி

அமெரிக்க ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டைப் பற்றி லிசா கோர்டெஸ் 2023இல் எடுத்த ‘லிட்டில் ரிச்சர்ட்: ஐ ஆம் எவ்ரிதிங்’ ஆவணப்படத்தை நண்பர்களோடு பார்க்கப்போகிறீர்களா? முதல் வேலை, நல்ல ஸ்பீக்கருக்குச் சொல்லிவைப்பது. புரொஜெக்டர் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். லேப்டாப் ஒலியில் அந்தக் குரல் கேட்டால் பாதிப் படம் போச்சு.

முன்னுரையை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் பிறந்த கறுப்பினப் பையன், ரிச்சர்ட் பெனிமன். இவர்தான் பிறகு லிட்டில் ரிச்சர்ட். நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கு அது. தேவாலயத்திலும் பொறுப்பு வகித்து, கள்ளச்சாராயமும் விற்ற அப்பாவுக்கு மகனின் பெண்தன்மை பிடிக்காமல் போய், வீட்டைவிட்டு அனுப்பினார். பையன் ஊர் ஊராகப் போய்ப் பாடினான். பெண்வேடம் கட்டி ‘பிரின்சஸ் லாவோன்’ என்ற பெயரிலும் மேடையேறினான். இவ்வளவு போதும்.

அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரிச்சர்ட் தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் வருஷத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: “சரி, அவர் உண்மையில் யார்?” 1957இல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவே ராக் இசையை விட்டுவிட்டு பைபிள் படிக்கப் போனார். 1962இல் இங்கிலாந்தில் மறுபடி ராக் மேடை ஏறினார். எண்பதுகளின் தொடக்கத்தில் தன்பாலீர்ப்பை விட்டுவிட்டதாக டிவியில் சொன்னார். 1995இல் வாழ்நாள் முழுக்கத் தான் தன்பாலீர்ப்பாளர்தான் என்றார். 2017இல் மறுபடி மறுத்தார். இதில் ஒன்றை ‘நிஜம்’ என்று எடுத்துக்கொண்டு மற்றதை நடிப்பு என்று ஒதுக்க ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும். எந்த வருஷம், யார் முன்னால் சொன்னார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அவருடைய பிரபலமான பாட்டு ‘டூட்டி ஃப்ரூட்டி’ பற்றிய பகுதி முடிந்ததும் படத்தை ஒரு நிமிடம் நிறுத்தலாம். 1955 செப்டம்பர், நியூ ஆர்லியன்ஸ். பதிவு சரிவரவில்லை. இடைவேளையில் ரிச்சர்ட் பியானோவை அடித்துக்கொண்டு ஒரு பச்சையான பாட்டைப் பாடினார். ஆண்களுக்கிடையேயான உடலுறவைப் பற்றிய வரிகள். தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லுக்கு மெட்டு பிடித்துப்போக, வரிகளை மாற்றி எழுதப் பாடலாசிரியர் டாரத்தி லாபோஸ்ட்ரியை அழைத்தார். அந்தப் பெண் முன்னால் மூல வரிகளைப் பாடக் கூச்சப்பட்டு, ரிச்சர்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடினாராம். வரிகள் மாறின, அலறல் மாறவில்லை. பிறகு பாட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் அதே பாட்டைப் பாட, பாப் பட்டியலில் அவர் பதிவு இவரைவிட மேலே போனது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போடுங்கள். உங்கள் விளக்கம் தேவைப்படாது.

யார் பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் புகழ்வது ஒரு வகை. கறுப்பின ஆய்வாளர்களும் சர் லேடி ஜாவா என்ற திருநங்கைக் கலைஞரும் பேசுவது வேறு வகை. ரிச்சர்டை முதலில் பெரிய மேடையேற்றிய காஸ்பல் (தேவாலய இசை) பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பாக, பாடகி வேலரி ஜூன் கிட்டாரோடு வரும் இடம் எனக்குப் பிடிக்கும். ஜிகினாத் தூள் பறக்கும் காட்சிகள் வேண்டாத வேலை. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

அறையில் திருநங்கையோ தன்பாலீர்ப்பாளரோ இருந்தால் அவர் பக்கம் திரும்பி “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்காதீர்கள். பேசத் தோன்றினால் அவரே பேசுவார். அதேபோல, கிறிஸ்தவ நண்பர்கள் இருக்கும் இடத்தில் ரிச்சர்டின் பக்தியை வைத்து ஜோக் அடிக்க விடாதீர்கள். அவருடைய பாட்டு அந்தத் தேவாலயத்திலிருந்துதான் வந்தது.

கடைசியாக 1988 கிராமி இசை விருது விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறந்த புதுக் கலைஞரை அறிவிக்க வந்த ரிச்சர்ட் தன் பெயரையே சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது. இத்தனை வருஷமாக எனக்கு நீங்கள் ஒன்றுமே கொடுக்கவில்லை என்கிற அர்த்தத்தில் கொட்டித் தீர்க்கிறார்; எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். உங்கள் அறையிலும் சிரிப்பார்கள். எந்த இடத்தில் சிரிப்பு நின்றது என்று தாளில் எழுதச் சொல்லி, அதைவைத்தே பேச்சைத் தொடங்குங்கள்.