பட்டியலில் ‘அறிக்கை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

கவனம் நிற்கவில்லை, உட்காரவே மனம் வரவில்லை என்று சொல்பவர்களிடம் அன்றைய வேலைப் பட்டியலைக் காட்டச் சொன்னால் போதும், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். பழகியவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த அதே குழிகளில்தான் புதிதாக வருபவர்களும் விழுகிறார்கள். நன்றாகத் தூங்குங்கள், இருபது டேப்களைத் திறந்து வைக்காதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுவோம்.

வேலையின் பெயரை எழுதிவைப்பது

அதிக நாட்களைத் தின்கிற தவறு இதுதான். எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த வாரம் திரும்ப வந்து நிற்கும். எரிச்சல் வராமல் எப்படி இருக்கும்?

பட்டியலைத் திறந்தால் இப்படி இருக்கும்: ‘ஆண்டறிக்கை’, ‘வரி’, ‘பிரெஞ்சு’, ‘அலமாரி’. எல்லாம் தலைப்புகள். ‘ஆண்டறிக்கை’ என்ற சொல்லைக் கண் பார்த்ததும் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது: எந்த ஃபைல், போன தடவை எங்கே விட்டேன், எண்கள் யாரிடம் இருக்கின்றன? பதில் தெரியாத இடத்தில் லேசாக ஒரு சங்கடம் எழும். இரண்டு மூன்று நொடிதான், கை போனுக்குப் போய்விடும். பழி போன் மேல் விழும். கவனம் வழுக்கியது அதற்கு முந்தைய நொடியில், அந்த ஒற்றைச் சொல்லில்.

அதே வரியை மாற்றி எழுதுங்கள்: ‘ஆண்டறிக்கை ஃபைலைத் திறந்து, செலவு அட்டவணைக்குக் கீழே மூன்று வரி எழுது.’ இதில் வினைச்சொல் இருக்கிறது, கை தொடவேண்டிய பொருள் இருக்கிறது, எங்கே முடிகிறது என்பதும் இருக்கிறது. விஷயமே தெரியாத ஒருவரிடம் அந்த வரியை நீட்டினால், எதிர்க்கேள்வி கேட்காமல் அவர் ஃபைலைத் திறந்துவிட வேண்டும். ‘யோசி’, ‘ஆராய்’, ‘திட்டமிடு’ என்பவையும் வினைச்சொற்கள்தானே என்றால், அவை ஏமாற்றுப் பேர்வழிகள். ‘யோசி’ என்று எழுதத் தோன்றினால் ‘ஒரு தாளில் ஐந்து தலைப்பு எழுது’ என்று எழுதுங்கள்.

முதல் அசைவு 2 நிமிடத்தைத் தாண்டினால் இன்னும் உடைக்கலாம். அதற்காக முழு வேலையையும் நாற்பது துண்டாக்கி, வண்ண வண்ணமாகக் கோடு போட்டு வைப்பவர்களும் உண்டு. அதுவும் தப்பித்தல்தான். முதல் இரண்டு படி தெரிந்தால் போதும், மூன்றாவது இரண்டாவதைச் செய்யும்போது தானே தெரியும்.

எப்போது செய்வது என்பதையும் வரியிலேயே கட்டிவிடுங்கள். ‘இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் குறிக்கோளைவிட நன்றாகச் செயலாகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ‘காலை 9 மணிக்கு’ என்பதைவிட ‘பல் துலக்கி முடித்ததும்’ மேல். 9 மணி கண்ணில் படாமலே கடந்துவிடும், பல் துலக்கியது தெரியாமல் போகாது.

வேலையை விட்டு எழுந்திருக்கும்போதும் இதே விதி. கடைசி 1 நிமிடத்தில் ஃபைலிலேயே எழுதி வையுங்கள்: ‘அடுத்து: 3ஆம் பத்தியில் போன ஆண்டுத் தொகையைச் சேர்.’ வெள்ளி மாலை ஜோராக எழுதி, இதைச் செய்யாமல் எழுந்துபோனவர் திங்கள் காலை தன் ஃபைலையே யாரோ எழுதியதுபோல அரைமணி நேரம் படித்துக்கொண்டிருப்பார். அந்த அரைமணியில்தான் நாள் கைநழுவும்.

மூடு வரட்டும் என்று காத்திருப்பது

வராது. உட்கார்ந்த பிறகு சில நாள் வரும், சில நாள் அப்போதும் வராது, வேலை மட்டும் நடக்கும்.

போனைக் கவிழ்த்து வைப்பது

கவிழ்ந்து கிடந்தாலும் அது அதிரும். போனைத் தொடாமல், அறிவிப்பு வந்த சத்தத்தையோ அதிர்வையோ உணர்ந்தாலே கவனம் தேவைப்படும் வேலையில் தவறுகள் கூடுகின்றன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ‘யாராக இருக்கும்?’ என்ற கேள்விக்கு மனம் போய்விடுகிறது. எழுந்து நடந்தால்தான் எட்டும் இடத்தில், வேறு அறையில் வையுங்கள். அவசர அழைப்பு வரக்கூடும் என்றால் இரண்டு மூன்று எண்களுக்கு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளும் வேண்டும். ‘பில் கட்டினேனா?’ என்று நடுவில் தோன்றுவதை அதில் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள்.

25 நிமிடத்தை வேதவாக்காக எடுப்பது

25 நிமிடம் வேலை, பிறகு சின்ன இடைவேளை என்று டைமர் வைத்துச் செய்வது பொமோடோரோ முறை. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ டைமரை வைத்து உருவாக்கியது. சலிப்பான வேலையைத் தொடங்கிவைக்க 25 நிமிடம் அருமை. நிரல் எழுதுவது போன்றவை தலைக்குள் ஏறவே கால்மணி நேரம் பிடிக்கும், சூடு பிடித்த இடத்தில் மணி அடித்துக் கெடுக்கும். அங்கே 50 நிமிடம், பழகினால் 90. மனமே இல்லாத நாளில் 10 வைத்தாலும் தப்பில்லை.

இடைவேளையில் மெசேஜ் பார்ப்பது

ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் மனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் இதைக் ‘கவன எச்சம்’ என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். படிக்க முடிகிற, ஆனால் இப்போது பதில் போட முடியாத செய்திதான் இதில் மோசம். அடுத்த ஒரு மணி நேரம் அது மூளையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். இடைவேளையில் தண்ணீர் குடியுங்கள், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

புதிய ஆப் தேடுவது

கவனச்சிதறலுக்கு இன்னொரு பெயர்.

விட்டுப்போன நாளை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்டுவது

மூன்றாம் நாளும் போய்விடும். வழக்கமான அளவே போதும்.

எல்லாமே சோம்பல் என்று முடிவுகட்டுவது

இரண்டு வாரத்துக்கும் மேலாக, பெரும்பாலான நாட்களில், பிடித்ததில்கூட நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றன என்றால் டைமரை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு குறைபாடும் இரும்புச்சத்துக் குறைவும்கூட இப்படிச் சோர்வைத் தரும், இரண்டையும் ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். சின்ன வயதிலிருந்தே எதிலும் நிலைக்க முடியாதவர்கள் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) பற்றியும் கேட்டுப் பார்க்கலாம்.